படகு போகும் இரவுகள்: மறதி நோய் வந்த ஒரு தாயை முதியோர் இல்லத்துக்கு மாற்றிய நிகழ்வு

இது ராமேசுவரம் தீவில் உள்ள ஒரு மீனவக் குடும்பத்தின் கதை. வீட்டுக்கே போய் நோயாளிகளைப் பார்க்கும் செவிலியர் நான். 2022 கடைசியிலிருந்து இந்தக் குடும்பத்தோடு தொடர்பில் இருக்கிறேன். குடும்பத்தாரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஊர்ப்பெயரையும் ஆட்களை அடையாளம் காட்டும் சில விவரங்களையும் விட்டிருக்கிறேன். இந்தத் தாயை இரண்டு முறை இல்லத்தில் சேர்த்தோம். முதல் முறை மோசமாகப் போனது. அதில் என் தவறும் இருப்பதால் அந்தப் பகுதியை விரிவாகவே எழுதுகிறேன்.

பின்னணி

அம்மாவுக்கு 2022இல் வயது 74. பிறந்தது தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 இரவு புயல் அடித்தபோது அவருக்கு 16 வயது. வீடும் வள்ளமும் இரண்டு தம்பிகளும் அன்றோடு போனார்கள். மிஞ்சியவர்கள் தீவின் உள்பக்கம் வந்து குடியேறினார்கள். அங்கேயே கல்யாணம், மூன்று பிள்ளைகள். கணவர் வள்ளத்தில் மீன் பிடித்தவர், 2011இல் இறந்துவிட்டார்.

அம்மாவின் தொழில் பாசி எடுப்பது. முகத்துக்குக் கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, மூச்சைப் பிடித்து முங்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து இடுப்புப் பையில் சேர்ப்பார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் வற்றும் நாட்களில்தான் வேலை. 68 வயது வரை அம்மா இதைச் செய்தார். பள்ளிக்கூடம் போனதில்லை.

மூத்த மகன் விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். அம்மா இருந்தது அவர் வீட்டில்தான். மருமகளும் பாசி எடுப்பவர், மாமியாரிடமே தொழில் கற்றவர். மகளைக் கட்டிக்கொடுத்தது மதுரையில். மாடியில் இரண்டு அறை கொண்ட வாடகை வீடு, தையல் வேலை. கடைசி மகன் பஹ்ரைனில் மீன்பிடி வேலை பார்க்கிறார்.

இங்கே ஒரு விவரத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் விசைப்படகுகள் தினமும் கடலுக்குப் போக முடியாது. திங்கள், புதன், சனி மட்டும் விசைப்படகு, மற்ற நாட்கள் நாட்டுப்படகு. காலையில் டோக்கன் வாங்கிக் கிளம்பினால் மறுநாள் காலையில்தான் கரை. ஆக, வாரத்தில் மூன்று இரவுகள் அந்த வீட்டில் ஆண் துணை இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் மட்டும் எல்லா இரவும் மகன் வீட்டில் இருப்பார்.

முதலில் தென்பட்டவை

2022 செப்டம்பர் வாக்கில் குழம்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டார். சில்லறை எண்ணத் தடுமாறினார். பாசி வியாபாரியிடம் போய், என்றோ தீர்ந்துபோன பாக்கியைக் கேட்டுச் சண்டை பிடித்தார். நாற்பது வருஷமாக நடந்த கோயில் பாதையில் ஒரு நாள் வழி தெரியாமல் நின்றார். "வயசான மறதின்னுதான் சிஸ்டர் நெனச்சோம்" என்றார் மருமகள். பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

2023 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை இரவு, மூன்று மணி இருக்கும். வலை பார்க்கப் போன இரண்டு பேர் கடலோரத்தில் அம்மாவைக் கண்டார்கள். முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தார். கையில் வெறும் பாசிப் பை. என்ன செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "அவுக வள்ளம் இன்னும் வரல" என்றாராம். கணவர் இறந்து பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அதற்கடுத்த வாரம்தான் எனக்கு விஷயம் தெரியவந்தது. எப்போதெல்லாம் வெளியே போகிறார் என்று ஒரு நோட்டில் குறித்து வைக்கச் சொன்னேன். பத்தாவது படிக்கும் பேத்தி எழுதினாள். ஏப்ரல் நடுவரை மொத்தம் 14 முறை. அதில் 11 முறை திங்கள், புதன், சனி இரவுகள். நேரம் எப்போதும் இரண்டரைக்கும் நாலுக்கும் நடுவில்.

அந்த நோட்டு என்னிடம் இன்னும் இருக்கிறது. வாழ்நாள் முழுக்க விடியலுக்கு முன் எழுந்து, போன படகு திரும்புகிறதா என்று கரைக்குப் போய்ப் பார்த்த உடம்பு அது. மகன் காலையில் வலைப்பெட்டியோடு கிளம்புவதைப் பார்த்தால் அன்று இரவு அந்தப் பழக்கம் எழுந்து நடக்கிறது. இதை அன்றே நான் புரிந்துகொண்டிருந்தால் பின்னால் நடந்த பலது நடந்திருக்காது. அன்று நான் அதை ஒரு 'தொந்தரவு' என்று மட்டும்தான் எழுதிக்கொண்டேன்.

மருத்துவம்

பிப்ரவரியில் ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வழக்கமான ஞாபகத் தேர்வை வைத்து மதிப்பெண் போட்டால் தப்பாகிவிடும். எழுதச் சொல்வது, வாசிக்கச் சொல்வது எல்லாம் அதில் உண்டு. மருத்துவர் அதை ஓரமாக வைத்துவிட்டு மருமகளிடம் அன்றாட வேலைகளைப் பற்றிக் கேட்டார்: சமையல், குளியல், காசு, வழி. ரத்தப் பரிசோதனையில் தைராய்டு சரி, வைட்டமின் பி12 குறைவு. ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு கண்ணிலும் புரை. காதில் அழுக்கு அடைத்திருந்தது. அதை எடுத்ததும் பாதி குழப்பம் குறைந்தது போலிருந்தது. பி12 ஊசியும் போட்டார்கள். மீதி, மறதி நோய்தான் என்று உறுதியானது.

டோனெபெசில் என்ற மறதி நோய் மாத்திரையை 5 மில்லிகிராம் அளவில் இரவில் கொடுக்கச் சொன்னார்கள். மூன்றாம் நாளிலிருந்து "தண்ணி வருது, தண்ணி வருது" என்று தூக்கத்தில் அலறினார். இந்த மாத்திரை சிலருக்குக் கெட்ட கனவு கொண்டுவரும். மருத்துவரிடம் கேட்டுக் காலைக்கு மாற்றினோம், அலறல் நின்றது. கண் புரையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டோம். அது பெரிய தவறு.

உறவினர் ஒருவர் ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போய் சில காலம் தங்க வைக்கலாம் என்றார். தர்காவுக்குப் போவதில் சாதி மதம் பார்க்காத கடற்கரை இது. வேண்டிக்கொள்ளப் போய் வாருங்கள் என்றேன், தங்க வைப்பது வேண்டாம் என்றேன். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் பிடித்த தீயில் 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் இருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. இன்று அப்படிச் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவிலும் அனுமதிப்பதில்லை. ஆனாலும் எங்கள் மாவட்டத்தில் 'இல்லம்' என்று சொன்னாலே பலர் மனசில் அந்தத் தீதான் வருகிறது. குடும்பக் கூட்டத்தில் மகள் கேட்ட முதல் கேள்வியே, "அங்க கட்டிப் போடுவாங்களா?" என்பதுதான்.

வீட்டில் வைத்துப் பார்த்த மாதங்கள்

மருமகள் பாசிக்குப் போவதை நிறுத்தினார். வாசலுக்கு உயரத்தில் ஒரு தாழ்ப்பாள், கதவில் மணி. கரையில் வலை பார்ப்பவர்களிடம் சொல்லி வைத்தார்கள். அதுவும் போதாமல், படகு போகும் இரவுகளில் தன் சேலை முந்தானையை மாமியாரின் கையோடு தளர்வாக முடிந்துகொண்டு பக்கத்திலேயே படுத்தார். அவர் எழுந்தால் இவருக்கு விழிப்பு வரும். அந்த முடிச்சைப் பற்றி என்னிடம் சொல்லும்போது மருமகள் தலையைக் குனிந்துகொண்டார். கட்டிப் போட்டதாக ஊர் சொல்லுமோ என்ற பயம். இரண்டு பேரும் ஒரே முடிச்சில் படுத்திருக்கிறீர்கள், இதில் தலைகுனிய ஒன்றுமில்லை என்றேன்.

ஏப்ரல் 15இல் தடைக்காலம் தொடங்கியது. மகன் எல்லா இரவும் வீட்டில். 61 நாளில் அம்மா வெளியே போனது இரண்டே முறை. மாத்திரை வேலை செய்கிறது, குணமாகிறார் என்று எல்லோரும் நினைத்தோம். அடுத்து என்ன என்ற பேச்சையே எடுக்கவில்லை. ஜூன் 15க்குப் பிறகு எல்லாம் பழையபடி ஆனது.

ஆகஸ்டில் வாசற்படியில் விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்தது. கட்டுப் போட்ட கையோடு இரவெல்லாம் உட்கார்ந்திருந்தார். குளிக்க வைக்கப் போனால் அடித்தார். அதே மாதம் ஒரு நாள் மருமகளுக்கு ரத்த அழுத்தம் பார்த்தேன், 180/110. அவருக்கு 41 வயதுதான். அன்று வீட்டுக்கு வரும் வழியில்தான், இந்த ஏற்பாடு தாங்காது, முதலில் விழப்போவது மருமகள் என்று எனக்குத் தெளிவானது.

குடும்பக் கூட்டம்

செப்டம்பரில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வீட்டில் கூடினார்கள். பஹ்ரைன் மகன் வாட்ஸ்அப்பில். மகள் வந்ததும், "அம்மாவ எங்கயாச்சும் கொண்டுபோய் விட்டா நான் இந்த வீட்டு வாசல மிதிக்க மாட்டேன்" என்றார். அண்ணன், "சரி, நீ கூட்டிட்டுப் போ" என்றார். இரண்டு அறை, செங்குத்தான மாடிப்படி. மகள் பதில் சொல்லவில்லை. பெற்றோரைக் கவனிக்காத பிள்ளைகள் மேல் 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனுப் போடலாம், மாதம் 10,000 ரூபாய் வரை வாங்கித் தருவார்கள் என்று சித்தப்பா முறை உறவினர் ஒருவர் எடுத்துவிட்டார். சட்டம் உண்மைதான். ஆனால் ராத்திரி முழித்திருக்க ஆள் இல்லை என்பதுதான் அங்கே பிரச்சினை, கவனிக்க மனசில்லாதவர் யாரும் அந்த அறையில் இல்லை.

நான் பேத்தியின் நோட்டை எடுத்து வைத்தேன். திங்கள், புதன், சனி இரவு யார் விழித்திருப்பது? இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் தேடுவோம் என்றேன். மூத்தவர் கடலை விட்டால் வீட்டுக்கு வருமானம் இல்லை. மருமகளின் உடம்பு முடியவில்லை. மகள் வீட்டில் இடமில்லை. முழுநேர ஆள் வைக்கக் கேட்ட சம்பளம் கட்டுப்படியாகவில்லை. மிஞ்சியது இல்லம்தான். அக்கம்பக்கத்தில் படகு இரவுகளுக்கு மட்டும் ஒரு ஆள் கிடைப்பாரா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பண விஷயம் எதிர்பார்த்ததைவிடச் சுலபமாக முடிந்தது. நான் பார்த்து வைத்திருந்த இல்லத்துக்கு மாதம் 14,000. இளையவர் 8,000, மூத்தவர் 3,000, மகள் 2,000. அம்மாவின் அரசு உதவித்தொகை அந்த ஆகஸ்டில்தான் 1,000இலிருந்து 1,200 ஆகியிருந்தது. அதில் 1,000 இதற்கு, மீதி அவர் கைச்செலவுக்கு. வீடு அம்மா பெயரிலேயே இருக்கட்டும், அவர் இருக்கும்வரை யாரும் எதையும் எழுதி வாங்கக் கூடாது என்று மூத்தவரே முதலில் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் மகள் இறங்கி வந்தார்.

முதல் இல்லம்

மதுரைக்கு வெளியே இருந்த அந்த இல்லத்தைத் தேர்ந்தெடுத்தது நான்தான். மாவட்ட சமூகநல அலுவலகத்தில் பதிவு பெற்றது. இருபத்துநாலு மணி நேரமும் செவிலியர், வாரம் ஒருமுறை மருத்துவர், வழுக்காத தரை, குளியலறையில் பிடிமானக் கம்பி, மகள் வீட்டிலிருந்து அரை மணி தூரம். ஒரு செவிலியர் என்னென்ன பார்ப்பாரோ அத்தனையும் பார்த்துச் சரி என்றேன்.

அக்டோபர் இரண்டாம் வாரம் கார் பிடித்துப் போனார்கள். பாம்பன் பழைய ரயில் பாலம் 2022 டிசம்பரில் மூடப்பட்டிருந்ததால் அப்போது மண்டபம் வரைதான் ரயில். அம்மாவிடம் என்ன சொல்வது என்று மருமகள் என்னைக் கேட்டார். "கண் ஆஸ்பத்திரிக்குப் போறோம்னு சொல்லுங்க, மதுரைன்னா நம்புவாங்க" என்றேன். நான் சொன்ன வார்த்தைதான். அம்மா நம்பினார். கோயிலுக்கு உடுத்தும் சேலையை எடுத்து உடுத்திக்கொண்டார். இல்லத்தில் டீ கொடுத்தார்கள். அவர் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, சொல்லாமல் கிளம்பிவிடுங்கள், அதுதான் நல்லது என்றார்கள். கிளம்பிவிட்டார்கள்.

முதல் 30 நாள் வீட்டார் யாரும் வரக் கூடாது, பார்த்தால் ஏங்குவார், பழக மாட்டார் என்பது அங்கே விதி. அதையும் கடைப்பிடிக்கச் சொன்னேன். வாரம் ஒரு தரம் போன் செய்தால், "சாப்பிடுறாங்க, நல்லாத் தூங்குறாங்க" என்ற பதில். அரை மணி தூரத்தில் இருந்த மகளும் போகவில்லை.

26ஆம் நாள் இல்லத்திலிருந்து அழைப்பு. காய்ச்சல், ஆளைத் தெரியவில்லை, வந்து பாருங்கள் என்றார்கள். மதுரையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். சிறுநீர்த் தொற்று, உடம்பில் நீர் வற்றல், சோடியம் குறைவு. போகும்போது 46 கிலோ இருந்தவர் 40 கிலோ ஆகியிருந்தார். இடுப்புக்குக் கீழே தோல் சிவந்து புண்ணாகத் தொடங்கியிருந்தது. ஆறு நாள் மருத்துவமனையில் இருந்தார். மூன்றாம் நாள் மருமகளின் முகத்தைத் தொட்டுப் பார்த்து, "பொழச்சிட்டியா?" என்று கேட்டார். புயலில் தப்பியவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்ட கேள்வியாக இருக்கும் என்று மூத்தவர் சொன்னார்.

என்ன நடந்தது என்று பிறகு இல்லத்தில் பொறுமையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் வாரம் முழுக்க மூன்று மணிக்கு எழுந்து கதவைத் தட்டியிருக்கிறார். படகு வந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறார். மற்றவர்கள் தூக்கம் கெடுகிறது என்றதும் தூக்க மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். அதில் பகலிலும் மயக்கம். மயக்கத்தில் தண்ணீர் கேட்கவில்லை, கொடுத்தபோது சரியாகக் குடிக்கவுமில்லை. அங்கே சைவச் சாப்பாடு. பிறந்ததிலிருந்து மீன் இல்லாமல் ஒரு வாரம்கூடச் சாப்பிட்டறியாதவர் 26 நாள் சாம்பார் சோற்றைத் தட்டில் ஒதுக்கியிருக்கிறார். எல்லோரையும் போல அவரையும் "பாட்டி" என்றே கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் பேரப்பிள்ளைகளுக்கு அப்பத்தா, தெருவுக்குப் பெரியம்மா. பாட்டி என்று யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவர் திரும்பியே பார்த்திருக்க மாட்டார்.

நாற்பது பேருக்கு இரவில் இரண்டே பணியாளர்கள். அவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அம்மாவைப் பற்றி அவர்களுக்கு நாங்கள் கொடுத்தது ஆதார் நகலும் மருந்துச் சீட்டும் மட்டும்தான். மூன்று மணிக்கு ஏன் எழுவார் என்பதற்கான விடை அந்த நோட்டில் இருந்தது. நோட்டு என் பையில் இருந்தது.

வீட்டுக்குத் திரும்பிய இரண்டு மாதம்

நவம்பரில் தீவுக்கே கூட்டி வந்தோம். இம்முறை படகு இரவுகளுக்கு மட்டும் தெருவில் ஒரு கைம்பெண் வந்து கூடப் படுத்தார், இரவுக்கு 300 ரூபாய். அவரும் பாசி எடுத்தவர். அம்மா எழுந்தால் தடுக்காமல் கூடவே எழுந்து திண்ணையில் உட்கார்வார், கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுப்பார். வெளிச்சம் வந்ததும் அம்மா தானாக உள்ளே போய்ப் படுத்துவிடுவார். அந்த ஒன்றரை மாதத்தில் ஒரே ஒரு முறைதான் கடற்கரை வரை போனார். நான் ஒன்பது மாதமாகத் தேடிய வழியை யாரும் சொல்லித்தராமலே அந்தக் கைம்பெண் செய்தார்.

இந்த ஏற்பாடே தொடர்ந்திருக்கலாமே என்று கேட்கலாம். கிறிஸ்துமசுக்குப் பிறகு அவருக்கே உடம்பு முடியாமல் போய்விட்டது, வேறு ஆள் அமையவில்லை. அம்மாவுக்குப் பகலில் குளியல், கழிப்பறை எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டியிருந்தது. மருமகளுக்கு அழுத்தம் குறையவில்லை. 2023 தொடக்கத்திலேயே இப்படி இரண்டு பேரைத் தேடிப் பிடித்திருந்தால் இல்லம் என்ற பேச்சு ஒரு வருஷமாவது தள்ளிப்போயிருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன்.

இரண்டாவது முடிவு

இரண்டாவது இல்லம் ராமநாதபுரம் நகரைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் இருக்கிறது. 18 பேர். பதிவு உண்டு, அதைப் பார்த்துவிட்டுத்தான் பேசினேன். மற்றபடி என் பழைய அளவுகோலில் முதல் இல்லத்துக்கு மிகவும் கீழே. சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. செவிலியர் பகலில் மட்டும். மாதம் 9,500. ஆனால் வாரம் மூன்று நாள் மீன். யாரும் எப்போதும் வந்து பார்க்கலாம். சமைக்கிறவரும் இரவுப் பணியாளரும் கடற்கரை ஊர்க்காரர்கள். நான் போனபோது இரண்டு மூதாட்டிகள் முற்றத்தில் உட்கார்ந்து நெத்திலிக் கருவாட்டுக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் என்னை ஏறெடுத்துப் பார்க்க நேரமில்லை. அங்கேயே எனக்குப் பாதி முடிவு ஆகிவிட்டது.

நிர்வாகியிடம் சில விஷயங்களைக் கேட்டு எழுதி வாங்கினோம். மூன்று மணிக்கு எழுந்தால் வராந்தா கதவைத் திறந்துவிட்டு யாராவது கூட உட்கார வேண்டும். வீட்டாரைக் கேட்காமல் தூக்க மருந்து கூடாது. தண்ணீர் எவ்வளவு குடித்தார் என்று குறிக்க வேண்டும். அப்புறம் ஒரு தாள்: அம்மாவை எப்படிக் கூப்பிடுவது, எதற்குப் பயப்படுவார் (மழைச் சத்தம், தரையில் தேங்கும் தண்ணீர்), எந்த மீனை முள்ளெடுத்துக் கொடுக்க வேண்டும், கணவர் பெயர், தம்பிகள் பெயர். அதைப் பேத்தி எழுதினாள், மருமகள் சொல்லச் சொல்ல.

படகு போகும் இரவுகளில் மட்டும் இல்லம், மற்ற நாட்கள் வீடு என்று மூத்தவர் கேட்டார். நல்ல மனசோடு கேட்டதுதான். மறதி நோய்க்காரருக்கு வாரத்தில் மூன்று தரம் இடம் மாறினால் எந்த இடமும் பழகாது என்று மருத்துவர் சொன்னதால் விட்டுவிட்டோம்.

டிசம்பரில் மூன்று பகல்கள் சும்மா கூட்டிப் போய் வந்தோம். பிறகு மருமகளோடு இரண்டு இரவு. 2024 பொங்கல் முடிந்து சேர்த்தோம். இம்முறை பொய் சொல்லவில்லை. "அத்தை, இனிமே இங்கதான் இருக்கப் போறீங்க. நான் செவ்வாயும் வெள்ளியும் வருவேன். அவுக கடலுக்குப் போகாத நாள் வருவாக" என்று மருமகள் கையைப் பிடித்துச் சொன்னார். அம்மா அழுதார். "நான் என்ன தப்புப் பண்ணேன்?" என்று கேட்டார். மருமகளால் பதில் சொல்ல முடியவில்லை, நானும் பேசாமல் நின்றேன். முதல் பத்து இரவுகள் மகளும் மருமகளும் மாறி மாறி அங்கேயே படுத்தார்கள்.

அதன்பின் நடந்தவை

முதல் மாதம் எடை குறையவில்லை. ஜூன் மாதம் 44 கிலோ. இரவில் எழுவது இன்றுவரை நிற்கவில்லை, ஆனால் வராந்தாவில் உட்கார்ந்து விடியலைப் பார்த்துவிட்டுப் படுத்துவிடுகிறார். தூக்க மருந்து தேவைப்படவில்லை. கருவாடு கிள்ளும் வேலையில் மூன்றாவது ஆளாகச் சேர்ந்துகொண்டார். முதல் பத்து மாதம் ஒரு முறைகூட விழவில்லை, நவம்பரில் ஒரு முறை விழுந்தார், எலும்புக்குச் சேதமில்லை.

2024 மார்ச் 31, ஈஸ்டர் அன்று தீவு வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். மகளும் வந்திருந்தார். மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டார். பொழுது சாயும் நேரம் எழுந்து நின்று, "வீட்டுக்குப் போகணும்" என்றார். "இதுதாம்மா நம்ம வீடு" என்றார் மகள். அம்மா கேட்கவில்லை. எந்த வீடும்மா என்று கேட்டதற்கு, மணல் தரை, ஓலைக்கூரை, பக்கத்தில் ரயில் நிற்கும் சத்தம் என்று அடையாளம் சொன்னார். தனுஷ்கோடி. மகள் அன்று வெகுநேரம் வாசலில் உட்கார்ந்திருந்தார். அம்மாவை வீட்டைவிட்டு அனுப்பிவிட்டோம் என்று ஆறு மாதமாக அண்ணனோடு சரியாகப் பேசாதவர், இரவு அண்ணன் தட்டில் சோறு போட்டார்.

கண் விஷயத்தில் அக்டோபரில் சொன்ன பொய் திரும்பி வந்தது. 'கண் ஆஸ்பத்திரி' என்ற வார்த்தையைக் கேட்டாலே கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வர மறுத்தார். பல விஷயங்களை மறந்தவர் அதை மட்டும் மறக்கவில்லை, குறைந்தபட்சம் அந்தப் பயத்தை மறக்கவில்லை. மார்ச்சிலேயே செய்திருக்க வேண்டிய அறுவையை ஜூலையில்தான் ஒரு கண்ணுக்குச் செய்ய முடிந்தது, மருமகள் கூடவே நின்று. அதன்பின் சுவரில் விழும் நிழலைப் பார்த்துப் பதறுவது நின்றது.

2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரம், பாம்பன் பகுதியில் கொட்டிய மழையில் தீவு வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். மறுநாள் மருமகள் போனில், "அத்தை இங்க இருந்திருந்தா அறுபத்துநாலுதான் சிஸ்டர் திரும்ப வந்துருக்கும்" என்றார். இல்லத்திலும் அன்று மழைதான். தாளில் எழுதியிருந்தபடி ஜன்னலை மூடி, அந்த இரவு முழுக்க ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

மருமகள் 2024 கோடையிலிருந்து திரும்பப் பாசிக்குப் போகிறார். ரத்த அழுத்தம் மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. சொன்னபடி செவ்வாய், வெள்ளி தவறுவதில்லை. பஸ்ஸில் வந்து போக அரை நாள் ஆகிவிடுகிறது. மூத்தவரை அம்மா இப்போது அவர் அப்பாவின் பெயரால் கூப்பிடுகிறார். முதலில் திருத்தினார். இப்போது "ஆமா, வந்துட்டேன்" என்கிறார்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இப்படி ஒரு குடும்பம் இன்று என்னிடம் வந்தால், முதல் மாதமே காது, கண், பி12, தைராய்டு எல்லாவற்றையும் பார்த்து, கண் புரையை உடனே எடுக்கச் சொல்வேன். எப்போது, எந்தச் சூழலில் எழுகிறார் என்ற நோட்டை மருத்துவரிடமும் இல்லத்திடமும் கொடுப்பேன். தடைக்காலத்தில் அம்மா அமைதியானபோது அதற்கு மாத்திரை காரணம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். மகன் வீட்டில் இருந்ததுதான் காரணம். அந்த 61 நாளில்தான் குடும்பம் நிதானமாகப் பேசியிருக்க முடியும். மணிக்கட்டு உடைந்து, மருமகள் உடம்பு கெட்ட பிறகு அவசரத்தில் பேசினோம்.

இல்லம் பார்க்கப் போகிறவர்கள் பதிவு, தரை, கழிப்பறை இவற்றைப் பார்க்கத்தான் வேண்டும். அதோடு சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பாருங்கள். இரவுப் பணியாளரோடு ஐந்து நிமிஷம் பேசுங்கள், ராத்திரி எழுந்து கதவைத் தட்டினால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். பார்க்க வரக் கூடாது என்ற விதி இருந்தால் காரணம் கேளுங்கள், மறதி நோய்க்காரருக்கு அது வேண்டாம் என்று சொல்லுங்கள். திடீரென்று குழப்பம் அதிகமானால் நோய் முற்றிவிட்டது என்று விட்டுவிடாமல் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். எங்கள் 26 நாளில் குறைந்தது பத்து நாளாவது அந்தத் தொற்று உள்ளே இருந்திருக்கும்.

எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்துவது வேறு. 2023 பிப்ரவரி, மார்ச்சில் அம்மாவுக்குக் காலை வேளைகளில் நல்ல தெளிவு இருந்தது. உங்களுக்கு எங்கே, யாரோடு இருக்கப் பிடிக்கும் என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். மகனைக் கேட்டோம், மகளைக் கேட்டோம், பஹ்ரைனுக்குப் போன் போட்டுக் கேட்டோம். அவரை நாங்கள் கேட்கவே இல்லை.

இன்னும் முடிவாகாதது

இப்போது விழுங்குவதில் சிரமம் தொடங்கியிருக்கிறது. சோற்றைக் குழைத்துக் கஞ்சியாகத்தான் கொடுக்கிறார்கள். அடுத்த கட்டம் வரும்போது மூக்கில் குழாய் போடுவதா, மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதா, இல்லத்திலேயே வைத்துப் பார்ப்பதா என்று முன்கூட்டியே பேசிவிடச் சொல்லியிருக்கிறேன். மகளுக்குக் குழாய் வேண்டாம். இளையவருக்கு எல்லாம் செய்து பார்க்க வேண்டும். மூத்தவர் இன்னும் வாய் திறக்கவில்லை. கணவர் பக்கத்திலேயே அடக்கம் செய்ய வேண்டும் என்று அம்மா 2011இலேயே சொன்னது மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. வரும் தடைக்காலத்தில் இளையவர் லீவில் வருகிறார். ஏப்ரல் கடைசி ஞாயிறு இல்லத்து முற்றத்திலேயே, அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பேசுவதாக முடிவு செய்திருக்கிறார்கள்.